கட்-அவுட் முன்னால் நின்ற குதிரை

எங்கள் செஞ்சியில் ஒரு காலத்தில் ராஜா ஒருவர் இருந்தார். அவரிடம் குதிரை ஒன்று இருந்தது. அவ்வளவுதான் சங்கதி. அந்த ஒரு குதிரையை வைத்துக்கொண்டு ஊர் ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் தங்களைப் பரம்பரைக் குதிரை நிபுணர்களாக நினைத்துக்கொண்டு திரிந்தார்கள். சைக்கிளில் ஏறினால் இறங்கத் தெரியாதவன்கூடக் குதிரையின் சுழியைப் பற்றி டீ ஆறிப்போகும் வரை பேசுவான். கோட்டை பார்க்க வரும் வெளியூர்க்காரர்கள் அதையும் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். கேட்க ஆள் கிடைத்தால் எங்கள் ஊர் வாய் மூடுமா?

இப்படிப்பட்ட ஊரில், எண்பதுகளில், நிஜமாகவே குதிரையோடு மாரடித்தவர்கள் சில ஜட்கா வண்டிக்காரர்கள் மட்டும்தான். என் நைனா அவர்களில் ஒருவர். பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே, டீக்கடைக்கு எதிரே வண்டியை நிறுத்தியிருப்பார். மல்லாட்டை (வேர்க்கடலைக்கு எங்கள் ஊர்ப் பெயர்) மூட்டை, கல்யாண சாமான், ஆஸ்பத்திரிக்குப் போகிற கிழவர்கள் என்று ஏதாவது கிடைக்கும். வீட்டில் அடுப்பு எரியும்.

எங்களிடம் இருந்த பெட்டைக் குதிரை ஒரு மழைக்காலத்தில் வயிறு உப்பிச் செத்துப்போனது. நைனா திருவண்ணாமலை தீபச் சந்தைக்குப் போய் ஒரு செவலைக் குதிரையைப் பிடித்துக்கொண்டு வந்தார். இளசு. நெற்றியில் வெள்ளைச் சுட்டி, நல்ல கால், நல்ல பல். சந்தையில் பசு மாதிரி நின்றதாம். நிற்காமல் என்ன செய்யும்? எதையாவது தின்னக் கொடுத்து நிற்க வைத்திருப்பான் விற்றவன். வீட்டுக்கு வந்து மயக்கம் தெளிந்த பிறகுதான் அதன் குணம் தெரிந்தது. நைனாவின் தலையில் நன்றாகவே கட்டிவிட்டிருந்தார்கள்.

அது எதற்குப் பயப்படும் என்று கேட்பதைவிட எதற்குப் பயப்படாது என்று கேட்பது சுலபம். பஸ்ஸுக்குப் பயம், லாரிக்குப் பயம், சரி. விரித்த குடைக்குப் பயம். கொடியில் காயும் புடவைக்குப் பயம். சுண்ணாம்பு அடித்த மைல் கல்லுக்குப் பயம். ரோட்டோரக் குட்டையில் தன் முகத்தையே பார்த்துவிட்டு ஒருநாள் பின்னங்காலில் எழுந்து நின்றது. பார்க்க எனக்குச் சிரிப்பு வந்தது. நைனாவுக்குச் சாட்டைதான் வந்தது.

பயந்தவனை அடித்தால் பயம் போய்விடும் என்பது நைனாவின் கொள்கை. எங்களையும் அப்படித்தான் வளர்த்தார். குதிரை பஸ்ஸைப் பார்த்து மிரளும், அவர் அடிப்பார். மறுநாள் அது பஸ்ஸுக்கும் மிரளும், சாட்டைக்கும் மிரளும், நைனாவின் காக்கிச் சட்டைக்கும் மிரளும். ஒரு பயத்தை எடுக்கப் போய் மூன்று பயமாக்கிக் கொடுத்தார் மனுஷன். கடைசியில் ஒரு வாத்தியாரை, அவருடைய வெள்ளை வேட்டியோடு, பஸ் ஸ்டாண்டு சாக்கடையில் கவிழ்த்தது. அதற்குப் பிறகு எங்கள் வண்டியில் ஏற ஒருத்தரும் வரவில்லை.

அந்த வாரச் சந்தைக்கே தரகன் வந்துவிட்டான். இந்த மாதிரி விஷயம் அவனுக்கு மட்டும் எப்படித்தான் காதில் விழுமோ. அவன் பிடித்துக்கொண்டு போகிற மிரளும் குதிரைகள் அப்புறம் எங்கே போகின்றன என்று யாரும் கேட்டதில்லை. நான் கேட்டேன். பீடியைக் கடித்துக்கொண்டு சிரித்தான். அந்தச் சிரிப்பே எனக்குப் போதுமானதாக இருந்தது.

அப்போது நான் பத்தாவதில் கணக்கில் கோட்டைவிட்டுவிட்டு, கல்யாணத்துக்குக் காத்திருக்கிறேன் என்கிற பெயரில் வீட்டில் சும்மா இருந்தேன். குதிரைக்குப் புல் அறுப்பது, கொள்ளு ஊறப்போடுவது, தண்ணி காட்டுவது எல்லாம் என் வேலை. அதற்கு என்னிடம் மட்டும் பயம் இல்லை. என் தாவணியைச் சப்பும், காதைச் சொறியச் சொல்லித் தலையை நீட்டும். அதன்மேல் எனக்கு உயிர். இதை மூடி மறைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. தரகனிடம் கொடுக்காதே, தை பிறக்கும் வரை விட்டுவை, நான் பழக்குகிறேன் என்று நைனாவிடம் சண்டை போட்டேன். வயசுக்கு வந்த பொண்ணு குதிரையை இழுத்துக்கொண்டு ரோட்டில் போவதாவது என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். நைனா யோசித்தார். தை வரைக்கும் அதற்குத் தீனி போடப் போவது எப்படியும் நான்தான். அவருக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.

"பழக்கு," என்றார். "ஆனா ஊர்ல கேட்டா நான் பழக்குறன்னுதான் சொல்லுவேன்."

காலையில் அதைத் திருவண்ணாமலை ரோட்டில் கோட்டைப் பக்கம் ஓட்டிக்கொண்டு போவேன். அங்கே கோட்டைச் சுவரைப் பிளந்துகொண்டு ரோடு போகிறது. இடம் குறுகல். அதற்குள் பஸ் நுழைந்து ஹாரன் அடித்தால் சுவரும் சேர்ந்து ஊதும். முதல் நாளே அங்கே ஒரு பஸ்ஸிடம் மாட்டிக்கொண்டோம். குதிரை வெலவெலத்துப் போனது. அது இருக்கட்டும், நானும் வெலவெலத்துப் போனேன். எனக்கும் சின்ன வயதிலிருந்து பஸ் என்றால் பயம். ஓட இடமில்லை. பஸ்ஸுக்கும் அதற்கும் நடுவில் நின்று அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். அதற்குத் தைரியம் சொல்வதற்காக இல்லை, நான் விழாமல் இருப்பதற்காக. பஸ் போனது. இரண்டு பேரும் உயிரோடு நின்றோம். அது மூக்கால் பெரிதாக ஒரு மூச்சு விட்டது, தலையைத் தாழ்த்தியது, பிறகு ஓரத்துப் புல்லை மேய ஆரம்பித்துவிட்டது. பஸ் வந்ததே அதற்கு மறந்துபோயிருந்தது.

அன்று நான் கற்றுக்கொண்டதைத்தான் அதற்கப்புறம் எல்லாவற்றுக்கும் செய்தேன். பயப்படும் பொருளுக்கும் அதற்கும் நடுவில் நான் நிற்பேன். இழுக்க மாட்டேன், அடிக்க மாட்டேன், கொஞ்சவும் மாட்டேன். அது பார்க்கட்டும். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கட்டும். காது தளர்ந்து, தலை தாழ்ந்து, அந்தப் பெரிய மூச்சு வந்தபிறகு நான் முன்னால் நடப்பேன், திரும்பிப் பார்க்காமல். அது பின்னால் வரும். தாண்டிய பிறகு ஒரு துண்டு வெல்லம். தாண்டுவதற்கு முன்னால் தலைகீழாக நின்றாலும் ஒரு துணுக்குக் கிடையாது.

இப்படியே ரோட்டில் மல்லாட்டை காயப்போட்டு மூடிய தார்ப்பாயைத் தாண்டினோம். மதகைத் தாண்டினோம். கோட்டைக் குரங்குகளைத் தாண்டினோம். அவை என் வெல்லத்தைப் பிடுங்கிக்கொண்டு போனது தனிக் கதை. ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு சினிமா நோட்டீஸ் வீசும் ரிக்ஷா எதிரில் வந்தபோது பாதி வெயில் ஏறும் வரை நின்றோம். அதையும் தாண்டினோம். குடை, புடவை, மைல் கல் எல்லாம் ஒவ்வொன்றாகச் சாதாரணமாகிக்கொண்டே வந்தன. எனக்கும் பஸ் பயம் போய்விட்டது. அதைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்?

இது ஊருக்குத் தெரிந்ததும் ஆரம்பித்தது வினை. நைனா பழக்குகிறார் என்று கேள்விப்பட்டு ஆளாளுக்கு உதவிக்கு வந்துவிட்டார்கள். லாடம் அடிக்கும் பாய் வந்து சுழியைத் தடவிப் பார்த்துவிட்டு, கழுத்துச் சுழி சரியில்லை, வேறு பெயர் வைத்தால் சரியாகிவிடும் என்றார். குதிரைக்குப் பெயரே வைக்கவில்லை என்று சொன்னேன். அதுதான் கோளாறு என்றார். ஒரு ரிட்டையர்டு ஏட்டு, பட்டணத்தில் தான் குதிரைப் படையில் இருந்ததாகச் சொல்லிக்கொண்டு வருவார். அவர் அங்கே லாயத்தில் சாணி அள்ளினாரா, குதிரை மேல் ஏறினாரா என்பது அவருக்கும் அந்தக் குதிரைக்கும்தான் வெளிச்சம். ஒருநாள் மீசையை முறுக்கிக்கொண்டு அதன் காலடியில் ஒரு சரவெடியைக் கொளுத்திப் போட்டார். குதிரை அவரைத் தாண்டி, வேலியைத் தாண்டி, கொல்லைக்குள் போய்விட்டது. 'தைரியம் வந்துடுச்சு பாத்தியா' என்றார். அதற்கு வந்த தைரியம் எனக்கு வந்திருந்தால் அன்றைக்கு அவர் மீசை இருந்திருக்காது.

இவர்களையெல்லாம் சகித்துக்கொள்ளலாம். டீக்கடைக்காரரைத்தான் சகிக்க முடியவில்லை. அவர் நல்ல மனுஷர், அதுதான் கஷ்டம். குதிரை பஸ் ஸ்டாண்டு ஓரம் வந்து மிரண்டு நின்றால் உடனே கடையிலிருந்து ஒரு பன்னோடு ஓடிவருவார். 'பாவம், பயப்படுது' என்று ஊட்டுவார். வேண்டாம் என்று காலில் விழாத குறையாகச் சொன்னேன். 'நீ போம்மா, அதுக்குப் பசிக்குது' என்பார். குதிரைக்கா புரியாது? நடந்தால் ஒரு துண்டு வெல்லம். நின்றால் முழுசாக ஒரு பன். இரண்டே வாரத்தில் அது கணக்கைக் கண்டுபிடித்துவிட்டது. கோட்டை ரோட்டில் தார்ப்பாயைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தாண்டி வரும் குதிரை, டீக்கடை முன்னால் வந்ததும் காதை நிமிர்த்தி, கண்ணை உருட்டி, நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நிற்கும். நடிப்பு என்றால் அப்படி ஒரு நடிப்பு. பன் கைக்கு வந்த பிறகுதான் நகரும். மனுஷர்களைக் கெடுத்தது போதாதென்று ஒரு வாயில்லா ஜீவனுக்கும் லஞ்சம் வாங்கப் பழக்கிய ஊர் எங்கள் ஊர்.

இந்தச் சமயத்தில்தான் தலைவர் வந்தார். கட்சி எது என்று கேட்காதீர்கள். அவரே பலதையும் மாற்றிப் பார்த்தவர். தையில் அவருக்குப் பிறந்தநாள். மாலை, மரியாதை, மைக் எல்லாம் போட்டு அலுத்துப்போய், இந்தத் தடவை குதிரை மேல் ஊர்வலம் வருவது என்று முடிவு செய்திருந்தார். செஞ்சியில் பிறந்தவன் குதிரை ஏறாமல் போகலாமா என்று யாரோ ஏத்திவிட்டிருக்கிறார்கள். அதற்கு எங்கள் குதிரையைத்தான் கேட்டனுப்பினார். எங்களுடையதோ மட்டக் குதிரை, உயரம் குறைவு. அவரோ ஆள் ஆஜானுபாகு. இதெல்லாம் எடுத்துச் சொல்ல அவர் பக்கத்தில் ஆள் இல்லை. இருந்திருந்தால் அவர் பக்கத்தில் இருந்திருக்க முடியாது.

நைனாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்கு வந்து என்னைக் கூப்பிட்டார்.

"தோ பாருமே, அந்த ஊர்வலத்துல மட்டும் ஒழுங்கா நடந்துட்டுதுன்னா குதிர நம்மளுது. வண்டிக்குச் சனம் தானா வரும். எங்கனா மொரண்டு புடிச்சுதுன்னு வெச்சுக்க, மறுநாளே தரகன் கையில புடிச்சுக் குடுத்துடுவேன். அழுவக் கூடாது."

"பஸ் ஸ்டாண்டு பக்கம் கூட்டிக்கினு போவாத நைனா," என்றேன். "மத்த எல்லாத்தையும் தாண்டும்."

அவர் சரி என்று தலையாட்டினார். ஊர்வலம் எங்கே போகவேண்டும் என்று நைனாவா முடிவு செய்கிறார்? பஸ் ஸ்டாண்டுக்கு எதிரேதான் தலைவருக்குக் கட்-அவுட் வைத்திருந்தார்கள். தென்னை மர உயரத்துக்குத் தலைவர் கைகூப்பிக்கொண்டு நின்றார். கலர் கண்ணாடி, ரோஜாக் கன்னம். வரைந்தவனுக்கு அவரைவிட அவர் கன்னத்தின் மேல் அதிகப் பிரியம் இருந்திருக்க வேண்டும். காற்று அடித்தால் கட்-அவுட் முழுசாகக் கிறீச்சிட்டுக்கொண்டு ஆடும்.

பிறந்தநாளும் வந்தது. ஊர்வலத்தில் பெண்பிள்ளைக்கு என்ன வேலை? நான் அம்மாவோடு ரோட்டோரம், கூட்டத்தில் நின்றேன். தலைவர் வந்தார் பாருங்கள், அடேயப்பா! நாடக செட்டில் வாடகைக்கு எடுத்த ஜரிகைக் கோட்டு, தலைப்பாகை, இடுப்பில் தகரக் கத்தி. மட்டக் குதிரை மேல் அவர் உட்கார்ந்ததும் காலிரண்டும் ஏறக்குறையத் தரையைத் தொட்டுவிட்டன. தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அவர் நடந்து வருகிறாரா, குதிரை மேல் வருகிறாரா என்றே சந்தேகம் வந்திருக்கும். நைனா கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு, தான்தான் ராஜா என்கிற மாதிரி முன்னால் வந்தார்.

குதிரை நடந்தது. என் கண்ணையே என்னால் நம்ப முடியவில்லை. பேண்டு வாத்தியத்தைத் தாண்டியது. தப்பு அடிக்கிறவர்களைத் தாண்டியது. சரவெடிப் புகைக்குள் நுழைந்து வெளியே வந்தது. ஏட்டு பெருமையோடு சுற்றிலும் பார்த்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன். கட்-அவுட் கிறீச்சென்று ஆடியது. குதிரை நின்றது.

இந்தத் தடவை நடிப்பு இல்லை. எனக்குத் தெரியும். முதுகில் தோல் துடித்தது. நாலு கால்களும் நடுங்கின. முதுகில் இருந்த அசலுக்கு அது துளிகூடப் பயப்படவில்லை. எதிரே நின்ற நகலைப் பார்த்துத்தான் வெலவெலத்தது. ஆனால் ஊருக்கு அது எங்கே புரிகிறது? டீக்கடைக்காரர் பன்னோடு ஓடிவந்தார். பயத்திலும் அது பன்னைத் தின்றது. தின்றுவிட்டு அங்கேயே நின்றது. இன்னொரு பன் வந்தது. அதையும் தின்றது, நின்றது. யாரோ ஒரு பையன் சிரித்தான். அவனைத் தொட்டுக் கூட்டமே சிரிக்க ஆரம்பித்தது. பேண்டுக்காரர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். பாய் பின்னாலிருந்து தள்ளினார். ஏட்டு வாலைப் பிடித்து முறுக்கினார். குதிரை சுழன்றதில் தலைவரின் தலைப்பாகை கழன்று விழுந்தது. அவர் முகம் கறுத்தது. நைனா சாட்டையை எடுத்தார். கூட்டத்தின் ஓரத்தில் தரகன் பீடியோடு நிற்பது எனக்குத் தெரிந்தது.

அதற்குமேல் நான் பொறுக்கவில்லை. அம்மா என் கையைப் பிடித்தாள். உதறிவிட்டுப் போய் நைனாவின் கையிலிருந்து கயிற்றைப் பிடுங்கினேன். எல்லோரும் தள்ளிப் போங்கள் என்று கத்தினேன். அந்த ஊரில் அத்தனை ஆம்பிளைகளும் ஒரு பெண்பிள்ளை சொல்லித் தள்ளிப் போனது அன்றைக்கு மட்டும்தான். கட்-அவுட்டுக்கும் குதிரைக்கும் நடுவில் நின்றேன். சீக்கிரம் ஆகட்டும் என்று மேலே இருந்து தலைவர் பல்லைக் கடித்தார். அவரும் அந்தக் கட்-அவுட்டும் ஒரே ஆள் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. என் கண்ணுக்குக் குதிரையின் காதுகள் மட்டும்தான் தெரிந்தன. நின்றேன். ஊர் மொத்தமும் வாயை மூடிக்கொண்டு நின்றது. காது தளர்ந்தது. தலை தாழ்ந்தது. மூக்கிலிருந்து அந்தப் பெரிய மூச்சு என் தோள்மேல் வந்து விழுந்தது. நான் திரும்பி நடந்தேன். குளம்புச் சத்தம் பின்னாலேயே வந்தது. தாண்டிவிட்டோம்.

கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல். அன்று சாயங்காலமே டீக்கடையில் வெற்றியைப் பங்கு போட்டுவிட்டார்கள். வெடி போட்டதால்தான் நடந்தது என்று ஏட்டு. இரண்டாவது பன்னால்தான் என்று டீக்கடைக்காரர். பாய் மட்டும் இடையில் ரகசியமாக ஒரு பெயர் வைத்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டார். நைனா எல்லோருக்கும் தலையாட்டிவிட்டு, கடைசியில் எல்லாம் தன் சாட்டை செய்த வேலை என்றார். நான் கவலைப்படவில்லை. எவன் பேரை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும். குதிரை எனக்கு. ராத்திரி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஏதேதோ உளறினேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

மறுநாள் காலையில் தலைவர் வீட்டிலிருந்து ஆள் வந்தது. தலைவருக்குக் குதிரை ரொம்பப் பிடித்துவிட்டதாம். வெடிக்கும் அசையவில்லை, கூட்டத்துக்கும் அசையவில்லை. இப்படிப்பட்ட குதிரை அவர் வீட்டில் நிற்பதுதான் ஊருக்கே கௌரவமாம். ஒழுங்காக நடந்தால் நம்மளுது என்று நைனா சொன்னது என் காதில் அப்படியே இருந்தது. அதைச் சொல்லிக் கத்தினேன். நைனா என்னை அடிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஆள் கொடுத்ததை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, எங்கேயோ பார்த்துக்கொண்டு பேசினார்.

"அவருகிட்ட முடியாதுன்னுட்டு இந்த ஊர்ல வண்டி ஓட்ட முடியுமா? நீயே சொல்லு."

அது கட்-அவுட் முன்னாலேயே மிரண்டு நின்றிருந்தால் தரகன் கொண்டுபோயிருப்பான், மிரளாமல் நடந்ததால் தலைவர் கொண்டுபோகிறார். பயம் தெளிந்த குதிரையைத்தான் எல்லோருக்கும் பிடிக்கிறது. வயிறு எரிந்தது எனக்கு. இப்போது எழுதும்போதும் எரிகிறது.

கூட்டிக்கொண்டு போனது நைனாவும் நானும். வேறு யார் பிடித்தாலும் அது வரவில்லை. தலைவர் வீட்டு இரும்புக் கேட்டின் இரண்டு தூணிலும் சிமெண்டு சிங்கம் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. உள்ளே ஒரு நாய் சங்கிலியை இழுத்துக்கொண்டு குரைத்தது. குதிரை கேட்டுக்கு முன்னால் நின்றுவிட்டது. உள்ளே இருந்து இரண்டு ஆட்கள் வந்து கயிற்றை வாங்கி இழுத்தார்கள். ஓர் அடி நகரவில்லை. தலைவர் லுங்கியோடு வந்து படியில் நின்றார். நைனா அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். குதிரையும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

சிங்கத்துக்கும் அதற்கும் நடுவில் போய் நின்றேன். காது தளரும் வரை நின்றேன். அன்றைக்கு மட்டும் தளரக் கூடாதே என்று இருந்தது. தளர்ந்தது. நான் முன்னால் நடக்கவில்லை. நெற்றிச் சுட்டியை ஒரு தடவை தடவிவிட்டு ஒதுங்கி நின்று, "போ" என்றேன். போனது.